கால்பந்தில் ஐரோப்பியக் கோப்பை (கிளப் அணிகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியில் எதிரணியின் எல்லா பெனால்டிகளையும் ஒரே கோல்கீப்பர் தடுத்திருக்கிறாரா?

ஆமாம். 1986 மே 7, ஸ்பெயினின் செவில்லா நகரம். பார்சிலோனாவும் ருமேனியாவின் ஸ்டேவா புக்கரெஸ்ட்டும் மோதின. கூடுதல் நேரம் முடிந்தும் 0-0. பார்சிலோனாவுக்குக் கிட்டத்தட்ட சொந்த ஊர் மாதிரி, அரங்கம் முழுக்க அவர்கள் ரசிகர்கள்தான். உண்மையைச் சொன்னால் ஆட்டம் படு அறுவை.

வெற்றியைத் தீர்மானிக்க பெனால்டி உதைகள் வந்தன. அப்புறம்தான் ஸ்டேவா கோல்கீப்பர் ஹெல்முட் டுக்கடம் வேலையைக் காட்டினார். பார்சிலோனாவின் அலெசாங்கோ, பெட்ராசா, பிச்சி அலோன்சோ மூவரும் அடித்தது அவருடைய வலப்பக்கம். மூன்று முறையும் அதே பக்கம் பாய்ந்து தடுத்தார். நான்காவதாக வந்தவர் மார்க்கோஸ். இந்த முறை டுக்கடம் இடப்பக்கம் பாய்ந்தார், பந்தும் அங்கேயே வந்தது! அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் மூன்று முறை ஒரே பக்கம் போனவர் சரியான நேரத்தில் பக்கம் மாற்றினாரே, அதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள எனக்கு மனமில்லை.

ஸ்டேவாவின் முதல் இரண்டு உதையும் வீண்தான். அடுத்து வந்த லகடுஷ், பாலின்ட் இருவரும் கோல் அடித்ததால் கணக்கு 2-0. ஆளுக்கு ஐந்து உதை என்பது விதி. பார்சிலோனாவுக்கு மிச்சம் ஒன்றே ஒன்று, அது உள்ளே போனாலும் எட்டாது. அதனால் நான்கோடு ஆட்டம் முடிந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இந்தக் கோப்பையை வென்ற முதல் அணி ஸ்டேவாதான். பார்சிலோனா 1992 வரை காத்திருந்தது.

டுக்கடம் அதே ஆண்டு கையில் ரத்த உறைவு ஏற்பட்டு ஸ்டேவாவுக்கு ஆடுவதையே நிறுத்த நேர்ந்தது.