விரலை எடுத்ததும் படங்கள் ஏன் நின்றுவிடுகின்றன?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் மாமாவின் சேலைக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். சேலைப் படங்களைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம். என் ஆண்ட்ராய்டில் திக்கித் திக்கி நகர்கிறது. மாமாவின் ஐபோன் 6-ல் விரலை எடுத்ததுமே நின்றுவிடுகிறது. அக்காவின் புது ஐபோனில் வேகம் வேறு மாதிரி. எல்லாம் ஒன்றுபோல் வழுக்கட்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஸ்கிரிப்டை எடுத்துவிடுங்கள். உங்கள் ஆண்ட்ராய்டு திக்குவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இந்த மாதிரி ஸ்கிரிப்டுகள் விரல் திரையில் நகர்வதைச் சொல்லும் டச்மூவ் நிகழ்வைப் பிடித்து, பிரிவென்ட் டிஃபால்ட் போட்டு, பிரவுசரின் நகர்வைத் தடுத்துவிட்டுத் தாங்களே படத்தை நகர்த்தும். ஸ்கிரிப்ட் தடுக்கப்போகிறதா இல்லையா என்று தெரியும்வரை பிரவுசர் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பெரிய சேலைப் படங்களும் இறங்கிக்கொண்டிருந்தால் விலை குறைந்த போன் திணறிப்போகும். விரலின் அசைவை வெறுமனே கவனித்தால் போதும் என்றால், அதைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட் பகுதிக்கு, அதாவது லிசனருக்கு, 'பாஸிவ்' (தடுக்க மாட்டேன்) என்று குறித்துவிடுங்கள், பிரவுசர் காத்திருக்காது. 2017-ல் வந்த குரோம் 56 முதல் விண்டோ, டாக்குமென்ட், பாடி என்று முழுப் பக்கத்தையும் குறிக்கும் மூன்றுக்கும் இது தானாகவே நடக்கிறது. உங்கள் படவரிசை போன்ற தனி எலிமென்ட்டுக்கு நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

மாமாவின் போன் சங்கதி வேறு. ஐபோன் 6, ஐஓஎஸ் 12-ஐத் தாண்டாது. அதில் பக்கத்துக்குள்ளே தனியாக நகரும் பெட்டிகளுக்கு, கேட்டால்தான் விரலை எடுத்த பிறகும் தொடரும் வழுக்கல் கிடைக்கும். படவரிசையின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோவுக்குக் கீழே, வெப்கிட்-ஓவர்ஃப்ளோ-ஸ்க்ரோலிங் என்பதற்கு டச் என்று மதிப்புக் கொடுங்கள் (வெப்கிட்டுக்கு முன்னால் ஒரு சிறு கோடு, '-', இருக்க வேண்டும்). 2019-ல் வந்த ஐஓஎஸ் 13 முதல் இது தேவையில்லை, இருந்தாலும் தொல்லையில்லை.

அக்காவின் போனை அப்படியே விடுங்கள். வேகம் தணியும் விதம் ஆப்பிளுக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு ஒன்று. அவரவர் விரல் தன் போனுக்குப் பழகியிருக்கிறது. எல்லா ஆப்பிலும் ஒரு மாதிரி வழுக்கும் திரை உங்கள் கடையில் மட்டும் வேறு மாதிரி வழுக்கினால் வாடிக்கையாளருக்கு உறுத்தும். ஒவ்வொரு படமும் சரியாக நடுவில் வந்து நிற்க வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரோல்-ஸ்னாப் இருக்கிறது, அது போதும்.

சிஎஸ்எஸ்ஸின் டச்-ஆக்‌ஷனில் பேன்-எக்ஸ் (பக்கவாட்டு நகர்வு) மட்டும் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் சேலைப் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மேலே தள்ளுபவருக்குப் பக்கம் நகரவே நகராது. பேன்-ஒய்யையும் (மேல்-கீழ் நகர்வு) சேருங்கள்.

அப்புறம் சோதனை. நம் ஊர் ஐபோன்களில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இன்ஜினான வெப்கிட்தான், அதனால் அங்கே ஒரு பிரவுசரில் பார்த்தாலே பெரும்பாலும் போதும். மிச்ச நேரத்தை, கடைக்கு வருபவர்கள் கையில் இருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கொடுங்கள்.