கடித்துச் சாப்பிடக்கூடிய ஸ்பூன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சோள மாவும் (மக்காச்சோளம் அல்ல) கோதுமை மாவும் கலந்து ஸ்பூன் சுடுகிறோம். அடுப்பிலிருந்து எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் பெட்டியைத் திறந்தால் பத்துக்கு இரண்டு மூன்று, குழியும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் விரிசல் விட்டுக் கிடக்கின்றன. யாரும் தொடக்கூட இல்லை. என்ன காரணம்?

பதில்: பிஸ்கட் தயாரிப்பவர்களுக்கு இது பழைய தலைவலி. உங்கள் ஸ்பூனும் ஒரு தடித்த பிஸ்கட்தான். சூட்டில் ஓரம் முதலில் காய்கிறது, நடுப்பகுதியில் ஈரம் தங்கிவிடுகிறது. வெளியே எடுத்து ஆறவைத்த பிறகு அந்த ஈரம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும். ஈரத்தை இழக்கும் நடுப்பகுதி சுருங்கும், ஈரத்தை வாங்கும் ஓரம் விரியும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும்போது மயிரிழை விரிசல் விழுகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதனால்தான் அடுப்படியில் செய்யும் பரிசோதனையில் அது கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ மாவு, 10 கிராம் உப்பு, 500 மில்லி தண்ணீர் சேர்த்தால் பிசைந்த மாவு ஏறக்குறைய 1,510 கிராம். மாவிலேயே 12 விழுக்காடு ஈரம் உண்டு. முடிவில் 5 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 940 கிராம் அளவுக்குத்தான். 12 கிராம் ஸ்பூன் ஒன்றுக்கு 19 கிராம் மாவு வெட்ட வேண்டும், அதில் 7 கிராம் ஆவியாக வெளியேற வேண்டும். அவ்வளவு தண்ணீரையும் ஒரே சூட்டில் அவசரமாக விரட்டினால் விரிசல் விழாமல் என்ன செய்யும்?

ஆகவே இரண்டு கட்டமாகச் சுடுங்கள். முதலில் 170 - 180 டிகிரி செல்சியஸில் 12 - 15 நிமிடம், வடிவம் நிற்கும் வரை. பிறகு அச்சிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் பரப்பி, 100 - 110 டிகிரியில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை உலர்த்துங்கள். இவை தொடங்குவதற்கான அளவுகள். உங்கள் அடுப்புக்கு ஏற்ப மாறும். ஆறும்போது மின்விசிறியைத் திருப்பி வைக்காதீர்கள். சரியாக உலர்ந்ததா என்பதைக் கையால் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுத்தையும் ஓரத்தையும் தனித்தனியே பொடித்து எடை போட்டு, 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் ஈரத்தில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உலர்த்தும் நேரத்தைக் கூட்டுங்கள்.

அச்சையும் கவனியுங்கள். கழுத்து உடைகிறது என்று பலர் அதைத் தடிமனாக்குகிறார்கள். அங்கேதான் ஈரம் மாட்டிக்கொள்கிறது. தடிமன் எங்கும் 3 - 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். இலையின் நடுநரம்பு போல அடிப்பக்கம் ஒரு மேடு ஓடவிட்டால் போதும், வளையாது. குழியும் கைப்பிடியும் சேரும் இடம் கூர்மூலையாக இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும். ஆவி வெளியேறத் துளை குத்துவதாக இருந்தால் கைப்பிடியில் மட்டும் குத்துங்கள். குழியில் குத்தினால் சூப் ஒழுகும்.

கேள்வி: கோதுமை இல்லாமல், சோளம் மட்டும் வைத்துச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஹைதராபாத்தில் நாராயண பீசபதி தொடங்கிய பேக்கீஸ் நிறுவனத்தின் ஸ்பூனிலும் சோளம்தான் முக்கிய மாவு. அரிசியும் கோதுமையும் துணை. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை மாவுச்சத்தே செய்தாக வேண்டும். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, மூடி 15 நிமிடம் வையுங்கள். சோளத்தின் மாவுச்சத்து 70 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில்தான் பசையாகும், வெதுவெதுப்பான தண்ணீர் பயன்படாது. கிலோவுக்கு 5 கிராம் கொத்தவரைப் பிசின் பொடியை உலர்ந்த மாவிலேயே கலந்துவிடுங்கள், தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். எண்ணெய் வேண்டாம், அது மாவை நொறுநொறுப்பாக்கும், ஸ்பூனுக்கு அது குறை.

உறையில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடிக்கும் முன் யோசியுங்கள். சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ் அனுமதிப்பது கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான். கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் சோளத்தை அரைத்தாலே அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

கேள்வி: சூடான சூப்பில் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடுகிறது. மேலே ஏதாவது பூச்சு பூசலாமா?

பதில்: தேன்மெழுகு 62 - 64 டிகிரியிலேயே உருகிவிடும். சூடான சூப் அதைக் கரைத்து மேலே மிதக்கவிடும், சாப்பிடுபவர் முகம் சுளிப்பார். பூச்சைத் தேடுவதற்கு முன் மாவை அடர்த்தியாக அழுத்துங்கள். உள்ளே காற்றுக் குமிழி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மெதுவாகத் தண்ணீர் ஏறும். சோடா மாவு போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

அளந்து பாருங்கள்: ஸ்பூனை எடை போட்டு, குழியை 80 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். பிறகு கைப்பிடியைக் கவ்வியில் இறுக்கி, குழியில் ஒரு சிறு டம்ளரைத் தொங்கவிட்டு, உடையும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் 20 ஸ்பூனை இப்படிச் சோதியுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், முதலில் உடைந்த ஸ்பூன் தாங்கிய எடையைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு நடுவே வாடிக்கையாளர் கையில் உடையப்போவது அந்த மாதிரி ஒன்றுதான்.

கேள்வி: பிளாஸ்டிக்குக்கு மாற்று என்று சொல்லிவிட்டு பிளாஸ்டிக் உறையில் போடுவது நியாயமா?

பதில்: உறுத்தத்தான் செய்யும். ஆனால் வெறும் காகிதம் ஈரக்காற்றைத் தடுக்காது, மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் ஸ்பூன் நமத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி உறை போடாமல், 50 அல்லது 100 ஸ்பூனுக்கு ஈரம் புகாத ஒரே பை, அதற்குள் தனித்தனிக் காகித உறை என்று வைத்தால் பிளாஸ்டிக் வெகுவாகக் குறையும். திறந்த பையை எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று பையின் மேலேயே எழுதுங்கள்.

கேள்வி: ஓராண்டு கெடாது என்று போடலாமா?

பதில்: பூஞ்சையைப் பற்றி மட்டும் கேட்டால், நீர்ச்செயல்பாடு (நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய ஈரத்தை 0 முதல் 1 வரை காட்டும் அளவு) 0.6-க்குக் கீழே இருக்கும் வரை அது வளராது. நன்றாக உலர்ந்த ஸ்பூன் அதற்கும் வெகு கீழே நிற்கும். ஆனால் முழுச்சோள மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருக்கிறது, அது சிக்கு வாடை பிடிக்கும். மாவு வண்டும் வரும். புதிதாக அரைத்த மாவையே வாங்குங்கள், மாதம் ஒருமுறை பையைத் திறந்து முகர்ந்தும் கடித்தும் பாருங்கள். கிடைத்த மாதக் கணக்கை மட்டும் அச்சிடுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் தடை வந்துவிட்டதால் விற்பனை உறுதிதானே?

பதில்: ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதலும், இந்தியா 2022 ஜூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்பூன், முள்கரண்டி, கத்தியைத் தடுத்துவிட்டன. ஆனால் அந்த இடத்தில் மர ஸ்பூன் வந்து உட்கார்ந்துவிட்டது. அது எளிதில் உடையாது, நமத்துப்போகாது, மாவு வண்டு பிடிக்காது. உங்கள் போட்டி இனி அதோடுதான். ஐஸ்கிரீம், சாட் போல ஸ்பூனையும் சேர்த்துக் கடிக்கத் தோன்றும் பண்டம் விற்பவர்களிடம் முதலில் போங்கள்.

கேள்வி: முள்கரண்டியும் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பல் ஒவ்வொன்றும் ஒரு கழுத்து.