செந்தூலுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: கழிவறைப் பீங்கானின் கறையும் தேய்ந்த மெருகும்

தம்பி, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து இரண்டு மாதமே ஆகிறது என்றும், செந்தூலில் வாடகைக்கு எடுத்த பழைய அடுக்குமாடி வீட்டின் கழிவறைப் பீங்கானில் பழுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக விழுந்திருக்கிறது என்றும், ஊரில் செய்வதைப் போல ஆசிட் ஊற்றிக் கம்பி நாரால் தேய்த்தபோது மறைந்த அந்தக் கோடு பத்தே நாளில் முன்னைவிட அழுத்தமாகத் திரும்பிவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதம் மனைவியும் குழந்தையும் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்ற அவசரமும், வீட்டுக்காரர் முன்பணத்தில் கழித்துக்கொள்வாரோ என்ற கவலையும் உங்கள் எழுத்தில் தெரிகின்றன. 2001 முதல் இந்த நகரத்தில் நான்கு வாடகை வீடுகளில் குடியிருந்துவிட்டுப் பிறகு சொந்த வீட்டுக்குப் போனவன் என்பதால், எனக்குத் தெரிந்ததை முழுமையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்பாக, அந்தக் கம்பி நாரை இன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.

கழிவறைப் பீங்கான் என்பது சுமார் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டெடுக்கப்பட்ட மண். அதன்மேல் நாம் காணும் வழவழப்பு, அந்தச் சூட்டில் உருகிப் படிந்த ஒரு கண்ணாடிப் படலம். அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரை விடவும் மெல்லியது. கறை அதன்மேல் ஒட்டியிருக்கும் வரை அதைக் கரைத்து எடுத்துவிட முடியும். ஆனால் கம்பி நார், செங்கல் பொடி, சொரசொரப்பான தேய்ப்பான் ஆகியவற்றால் அந்த மெருகைக் கீறிவிட்டால், அடுத்து வரும் அழுக்கு அந்தக் கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கம்பி நார் தன் இரும்புத் துணுக்குகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அவை ஈரத்தில் துருப்பிடித்துப் புதிய கறையாகும். உங்கள் கோடு முன்னைவிட அழுத்தமாகத் திரும்பியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர்ப் பழக்கம் இங்கே ஏன் சரிவரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புதான் கழிவறையிலும் படிகிறது, அதனால் ஆசிட் பட்டவுடன் நுரைத்துக் கரைகிறது. கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயர் சிலாங்கூர் நிறுவனம் வழங்கும் தண்ணீர் பெரும்பாலும் ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. அதில் சுண்ணாம்பு குறைவு. பினாங்கில் மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீரும் அத்தகையதே. ஆகவே இங்குள்ள பழைய வீடுகளில் நாம் காணும் கறை பெரும்பாலும் சுண்ணாம்பாக இருப்பதில்லை. பழைய இரும்புக் குழாய்களிலிருந்தும் மொட்டைமாடித் தொட்டியின் அடிவண்டலிலிருந்தும் வரும் துரு, ஆரஞ்சும் பழுப்புமாகக் கோடு போடும். சிறுநீரின் உப்புகள், தண்ணீர் நிற்கும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் மஞ்சள் கலந்த கெட்டியான அடுக்காக இறுகும். எவ்வளவு கழுவினாலும் அடங்காத வாடைக்கும் அதுவே காரணம். ஓயாத ஈரப்புழுக்கத்தில் வளரும் பூஞ்சையும் கிருமிப் படலமும், நீர்மட்டத்தில் கறுப்பு வளையமாகவோ இளஞ்சிவப்பு வழுக்கலாகவோ தெரியும். அதைச் சாதாரணப் பிரஷ்ஷே எடுத்துவிடும்.

உங்கள் கோடு பீங்கானின் பின்பக்கம் மேல் விளிம்பிலிருந்து நேராகக் கீழிறங்குகிறது என்று எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஃபிளஷ் தொட்டி கசிகிறது என்றே நினைக்கிறேன். தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழையாகத் தண்ணீர் இரவும் பகலும் ஒரே தடத்தில் வழிந்துகொண்டிருக்கும். அதிலுள்ள சிறிதளவு இரும்பு அந்தத் தடத்திலேயே படிந்துகொண்டு போகும். இந்தக் கசிவை நிறுத்தாமல் எந்த மருந்தைப் போட்டாலும் கோடு திரும்பத்தான் செய்யும். சோதிப்பது எளிது: இரவு படுக்கப் போகுமுன் தொட்டியின் மூடியைத் திறந்து, கேசரிக்குப் போடும் கலர் பொடியைச் சிறிது கரைத்து ஊற்றுங்கள், அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானுக்குள் நிறம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. அந்த ரப்பர் மூடி ஹார்ட்வேர் கடைகளில் தனியாகவே கிடைக்கும். பழைய மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள், ஏனென்றால் அளவு சற்று மாறினாலும் பொருந்தாது.

கசிவு நின்ற பிறகு கறையை எடுக்கலாம். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துவது சிட்ரிக் ஆசிட், அதாவது எலுமிச்சை உப்பு. கேக் செய்வதற்கான பொருள்களை விற்கும் கடைகளில் ‘அசிட் சிட்ரிக்’ என்று மலாயில் கேட்டால் பொட்டலமாகத் தருவார்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றியோ, பிரஷ்ஷால் தண்ணீரை உள்ளே தள்ளியோ பீங்கானில் நிற்கும் நீர்மட்டத்தைக் குறையுங்கள். இல்லாவிட்டால் போடுகிற மருந்தெல்லாம் நீர்த்துப் போகும். ஏறத்தாழ 100 கிராம் பொடியை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் டிஷ்யூ காகிதத்தை நனைத்துக் கறையின்மேல் அப்பி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள். கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டாம். திடீர்ச் சூட்டில் பீங்கான் விரிசல் விடும். காலையில் காகிதத்தைக் குப்பையில் எடுத்துப் போட்டுவிட்டு, நைலான் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். பழைய கறைக்கு மூன்று நான்கு இரவுகள்கூடத் தேவைப்படலாம். பொறுமைதான் இங்கே வேலை செய்கிறது, கைவலிமை அல்ல.

கிளோரோக்ஸ் என்னும் ப்ளீச் திரவம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வீட்டுக்கு வீடு அது இருக்கும், பக்கத்து வீட்டார் உங்களுக்கும் அதையே சொல்வார்கள். பூஞ்சைக்கு அது நல்லது. துருக்கறைக்கும் உப்புப் படிவுக்கும் அது பயன்படாது; துருவை இன்னும் அழுத்தமாகப் பதியச் செய்யவும்கூடும். ஆசிட்டோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. 2001இல் பிரிக்பீல்ட்ஸில் நான் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டில், ஆசிட் ஊற்றியும் கறை போகவில்லையே என்று அதன்மேலேயே கிளோரோக்ஸை ஊற்றினேன். அடுத்த நொடியே குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைத்தது. வெளியே ஓடி வந்த பிறகும் பல நாள் இருமல் நிற்கவில்லை. ஆசிட் பட்ட இடமெல்லாம் தரை ஓடுகளுக்கு இடையிலிருந்த சிமெண்ட்டும் அரித்துப் போய், வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு பங்கை இழந்தேன். சிட்ரிக் ஆசிட்டும் அமிலமே என்பதால் அதோடும் கிளோரோக்ஸைச் சேர்க்கக் கூடாது. ஒன்றைப் பயன்படுத்தினால் பல தடவை ஃபிளஷ் செய்துவிட்டு, மற்றதை வேறொரு நாளில் பயன்படுத்துங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தை வந்த பிறகு இவற்றையெல்லாம் உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள். துரு நீக்கி என்று விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியையே அரிக்கும், தோல் வழியாக இறங்கி எலும்பையும் பாதிக்கும். அந்தப் பெயர் உள்ள எதையும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு பகுதி மட்டும் மங்கலாகவே இருந்தால், கறையை விட்டுவிட்டு மெருகைப் பரிசோதியுங்கள். அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டுக் கைபேசி விளக்கைச் சாய்வாகக் காட்டுங்கள். மெருகு உள்ள இடத்தில் வெளிச்சம் கூர்மையாகப் பிரதிபலிக்கும். தேய்ந்த இடத்தில் பரவி மங்கிப் போகும். இன்னும் ஐயம் இருந்தால், ஒரு சொட்டுப் பேனா மையை வைத்து ஒரு நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். சுவடே இல்லாமல் போனால் மெருகு இருக்கிறது. புள்ளியோ மயிரிழை போன்ற கோடுகளோ தங்கினால், அங்கே மெருகு போய்விட்டது அல்லது வெடித்திருக்கிறது. சூளையில் உருவான அந்தக் கண்ணாடிப் படலத்தை வீட்டில் மறுபடி உண்டாக்க எந்த வழியும் இல்லை. மேலே பூசுவதற்கென்று விற்கும் எப்பாக்சி பூச்சுகள், எந்நேரமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் நெடுநாள் தாங்காமல் உரிந்துவிடும். உரிந்த பின் பார்வைக்கு இன்னும் மோசமாக இருக்கும். தேய்ந்த பீங்கானை வாரம் இருமுறை மென்மையான பிரஷ்ஷால் கழுவி, மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் அப்பிச் சமாளிக்கலாம், அல்லது மாற்றிவிடலாம்.

மாற்றுவது உங்கள் செலவாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இங்கே வழக்கமாக இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், அரை மாத வாடகையைத் தண்ணீர், மின்சாரக் கட்டணங்களுக்கான வைப்பாகவும் வாங்குகிறார்கள். உங்களிடமும் அப்படித்தான் வாங்கியிருப்பார்கள். ஒப்பந்தத்தை எடுத்து, இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்கும். பிறகு நல்ல வெளிச்சத்தில் படங்கள் எடுத்து, தொட்டி கசிவதையும் பழைய கறையையும் சேர்த்து இந்த வாரமே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கம்பி நாரால் தேய்த்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிட வேண்டாம். நாள் குறித்த படம் இருந்தால் ஓராண்டு கழித்து அந்தக் கறை யாரால் வந்தது என்ற பேச்சே எழாது.

மாற்றித் தர அவர் ஒப்புக்கொண்டால், பழைய பீங்கானின் கழிவுத்துளை தரையில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்பதைப் பார்த்து, தரையில் இருந்தால் ஓடு பதித்த சுவரிலிருந்து துளையின் மையம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து அவருக்கு அனுப்புங்கள். பீங்கான்கள் இந்த அளவை வைத்தே விற்கப்படுகின்றன. புதியது வந்த பிறகு, தண்ணீர் தடைபட்டு மீண்டும் வரும் நாள்களில் மட்டும் கவனமாக இருங்கள்: ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வை முன்கூட்டியே மூடிவைத்து, குளியலறைக் குழாயைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வந்த பிறகு அந்த வால்வைத் திறவுங்கள்.