அம்மாவின் பைண்டு புத்தகங்கள்

அன்புள்ள ஐயா,

கோவையில் எங்கள் பழைய வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுகிறோம். பரணில் அம்மா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பொன்னியின் செல்வன், தில்லானா மோகனாம்பாள், அட்டை கிழிந்து பெயர் தெரியாமல் இன்னும் பல. தாள் பழுப்பேறி, தொட்டாலே ஓரம் உதிர்கிறது. பொன்னியின் செல்வன் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். என் மகள் படம் பார்த்ததோடு சரி. எனக்குத்தான் மனம் வரவில்லை. இது வெறும் பற்றுதானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

எடைக்குப் போடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கதை எங்கும் கிடைக்கிறது என்று அண்ணன் சொல்வது உண்மைதான். கல்கியின் எழுத்து அரசுடைமை ஆனபிறகு பொன்னியின் செல்வன் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. ஆனால் உங்கள் பெட்டியில் இருப்பது வாராவாரம் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த கதை. 1950இல் தொடங்கி 1954 வரை அது கல்கி வார இதழில் தொடராக வந்தது. பிறகும் சில முறை மறுபடி வெளியிட்டார்கள். வந்தியத்தேவனை ஆபத்தில் மாட்டவைத்து 'தொடரும்' போட்டால், அடுத்த இதழ் வரும்வரை வீட்டில் எல்லோரும் அதைப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரே மூச்சில் படிக்கிறவர்களுக்கு அந்த அத்தியாய முடிவுகள் சில இடங்களில் அலுப்பாகக்கூட இருக்கும். பத்திரிகைத் தாளிலேயே படித்தால் அவை ஏன் அப்படி அமைந்தன என்பது சட்டென்று விளங்கிவிடும்.

அப்புறம் ஓவியங்கள். மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையை வைத்துத்தான் ஒரு தலைமுறை அவளை மனதில் பதித்துக்கொண்டது. 2022இலும் 2023இலும் படம் வந்தபின் உங்கள் மகள் வயதுக்காரர்களுக்குக் குந்தவை என்றால் த்ரிஷா. கலைமணி என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு வரைந்தார். 1968இல் சிவாஜியும் பத்மினியும் திரையில் வருவதற்கு முன்பே சண்முகசுந்தரமும் மோகனாவும் எப்படி இருப்பார்கள் என்று வாசகர்களுக்குக் காட்டியவர் அவர். இன்றைய மலிவுப் பதிப்புகள் பலவற்றில் இந்த ஓவியங்கள் கிடையாது.

என் அத்தை மாயவரத்தில் இப்படித்தான் சேர்த்துவைத்தார். ஒரு தொடரில் நடுவில் ஓர் இதழ் கைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் ஊதா மையில் எழுதி, அந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டார். படம் இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு, 'இங்கே நந்தினி பல்லக்கில்' என்று எழுதியிருக்கிறார். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம், தமிழ்நாட்டில் படிப்பு பரவிய கதையில் இந்தப் பெண்களுக்கு எத்தனை பெரிய பங்கு என்று நினைத்துக்கொள்வேன். அச்சுப் புத்தகம் எதிலும் அது இல்லை.

உங்கள் கடிதத்தில் அண்ணன் சொல்வது இருக்கிறது, மகள் இருக்கிறாள், நீங்கள் இருக்கிறீர்கள். அம்மா என்ன சொல்கிறார்? அவர் இருக்கிறார் என்றால் பெட்டியை அவர் முன்னால் வைத்துத் திறங்கள். எந்த ஊரில் இருந்தபோது சேர்த்தது, யார் பைண்டு போட்டது, வீட்டில் யார் முதலில் படிப்பார்கள் என்று கேளுங்கள். பேத்தியும் கூட உட்காரட்டும். செல்போனில் பதிவு செய்துகொள்ளட்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் அவருக்குத்தான்.

எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகச் சொல்லவில்லை. புதிய வீட்டில் இடம் இருக்காது, தெரியும். அம்மா தேர்ந்தெடுத்ததை வைத்துக்கொண்டு மற்றதை நூலகத்துக்குக் கொடுக்கலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வீசியெறிந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் அந்தச் சேகரிப்பைக் கொண்டு தொடங்கிய நூலகம் இன்று சென்னை தரமணியில் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. கொண்டுபோவதற்கு முன் பட்டியல் எழுதி அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்ளும் புத்தகங்களுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் படுக்கவைத்தால் போதும். முடிந்தால் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள், விளம்பரங்களையும் சேர்த்து.

பெயர் தெரியாத தொடர்கள் இருக்கிறதே, அவற்றில்தான் எனக்கு ஆவல் அதிகம். புத்தகமாகவே வராமல் போன தொடர்கள் நிறைய உண்டு. ஓவியரின் கையெழுத்தும் பக்கத்தின் அடியில் தேதியும் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் படமெடுத்து அனுப்புங்கள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்