ஏழுக்கு ஆறு அடி சமையலறைக்கு எந்தச் சிம்னி வாங்கலாம்?

"சமையலறை ரொம்பச் சின்னது, புகையை வெளியே விடும் குழாய் (டக்ட்) போட வழியில்லை, குழாய் இல்லாத சிம்னி வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். 2019இல் இதே கேள்வியோடு நின்று, வாங்கி, ஒன்றரை வருடம் அவதிப்பட்டவள் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள், அடுப்புக்கு மேலே கான்கிரீட் லாஃப்ட் இருக்கிறது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரே ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீடும் அப்படித்தான். ஏழுக்கு ஆறரை அடி. ஒருவர் சமைத்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் தண்ணீர் எடுக்கக்கூட உள்ளே வர முடியாது.

என் அம்மா எங்களோடு இருக்கிறார். முப்பது வருடம் விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவர். அதில் வந்ததுதான் இந்த வீசிங் என்று டாக்டர் சொன்னார். சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுத்தால், ஹாலில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் நிற்பார். வயதான பெண்மணி, என் சமையலுக்காக வெயிலில் நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் சிம்னி வாங்கினேன். "தாளிப்பு வாசனை வந்தால்தான் வீடு, இதெல்லாம் பகட்டு" என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அளவு பார்க்க வந்த ஆள் இரண்டு நிமிடம்தான் நின்றார். "மேடம், உங்க கிச்சனுக்கு டக்ட் போகாது. மேல லாஃப்ட் இடிக்கும், பக்கத்துல பீம் இருக்கு. டக்ட்லெஸ்ஸா மாட்டிக்குங்க, உள்ளயே சுத்தம் பண்ணி விட்டுடும்" என்றார். நம்பினேன். 13,500 ரூபாய்.

முதல் இரண்டு மாதம் வாசனை குறைந்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் பழைய கதை. அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. புகையை உறிஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கை உலோக ஃபில்டரில் பிடித்துவிட்டு, மிச்சக் காற்றைக் கரி ஃபில்டர் வழியாகத் திரும்பவும் நம் முகத்துக்கே அனுப்புகிறது. கரி வாசனையை ஓரளவு பிடிக்கும். சூட்டைப் பிடிக்காது, நீராவியைப் பிடிக்காது, கேஸ் எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடையும் பிடிக்காது. அந்தக் கரி ஃபில்டரைக் கழுவவும் முடியாது. சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாக வாங்கி மாட்ட வேண்டும். தினமும் தாளித்து, வாரம் இரண்டு நாள் மீன் பொரிக்கிற வீட்டில் அது சீக்கிரமே தீர்ந்துபோகிறது. இட்லி வேகும்போது லாஃப்ட்டின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். பக்கத்து அலமாரிக் கதவின் பிளைவுட் ஊதிப்போனது.

அந்தக் கதவை மாற்ற வந்த தச்சர்தான் எங்களைக் காப்பாற்றினார். ஸ்டூலில் ஏறிச் சிம்னியின் மேல்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பைப் மாட்ட வாய் இருக்கே, அத அடைச்சு வச்சிருக்காங்களே?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயோடும் ஓட்டலாம், குழாய் இல்லாமலும் ஓட்டலாம் என்கிற மாடல் அது. நிறைய மாடல்கள் அப்படித்தான் வருகின்றன. இயந்திரத்தில் குறையே இல்லை. குழாய்க்கு வழி தேட அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

வழி ஜன்னலிலேயே இருந்தது. ஜன்னலுக்கு மேலே திறக்க முடியாத கண்ணாடி ஒன்று இருக்குமே, அதைக் கழற்றி, அதே அளவில் ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) வெட்டி, நடுவில் ஆறு அங்குல வட்டம் போட்டார். அங்கிருந்து லாஃப்ட்டின் அடியோடு ஐந்தடி அலுமினியக் குழாய், ஒரே ஒரு வளைவு. வெளியே மழையும் புறாவும் வராமல் இருக்க மூடி. சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். மறுநாளே கால் கிலோ மிளகாய் வறுத்தேன். அம்மா ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். எங்கள் மேடை தரையிலிருந்து 33 அங்குலம், அடுப்பு 4 அங்குலம். அடுப்புக்கு மேலே 65 முதல் 75 செ.மீ. விட்டுத்தான் சிம்னி மாட்ட வேண்டும். குறைந்த அளவான 65 செ.மீ. என்றால் ஏறக்குறைய 26 அங்குலம், ஆகச் சிம்னியின் அடி 63 அங்குலத்தில் வரும். லாஃப்ட்டின் அடி 84 அங்குலம். மிச்சம் 21 அங்குலத்துக்குள் சிம்னியின் உடலும் குழாய் வளைவும் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யாமல் வாங்கினால் மாட்டும் நாளில் அடுப்புக்கு நெருக்கமாக இறக்கிவிடுவார்கள். தீப்பிடிக்கும் ஆபத்து, குனியும்போது நெற்றியும் இடிக்கும்.

இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 செ.மீ. அகலம் போதும். 90 செ.மீ. நான்கு பர்னர் வைத்திருப்பவர்களுக்கு. உறிஞ்சும் திறனை 1200, 1500 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதாவது மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று. எங்கள் சமையலறையின் மொத்தக் காற்றே சுமார் 12 கன மீட்டர்தான். அதை மணிக்கு இருபது தடவை மாற்றினாலும் 240. ஃபில்டரும் வளைவும் தின்றது போக 1200 தாராளம். சின்ன அறையில் சத்தம்தான் பெரிய தொந்தரவு, கடையில் ஓட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஃபில்டர், பட்டை பட்டையாக வளைந்திருக்கும் பேஃபிள் வகையாக இருக்கட்டும். வலை ஃபில்டர் நம் எண்ணெய்க்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நெளிக் குழாயை நன்றாக இழுத்து நீட்டி மாட்டச் சொல்லுங்கள், சுருங்கி இருந்தால் மடிப்பில் எல்லாம் பிசுக்கு தங்கும். சிம்னி ஓடும்போது சமையலறைக் கதவைச் சாத்தாதீர்கள். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் அது எதை வெளியே தள்ளும்?

குழாயைக் கட்டடத்துக்குள் காற்றுக்காக மேலிருந்து கீழ் வரை விட்டிருக்கும் ஷாஃப்ட்டில் விடவே கூடாது. மேல்வீட்டுக் குளியலறை ஜன்னல் அதில்தான் திறக்கும்.

எங்கள் குழாய் வெளிச்சுவர்ப் பக்கம்தான் இருக்கிறது. அதற்கும் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, கட்டடத்தின் முகப்பு கெடுகிறதாம். அதே சுவரில் ஆறு ஏசி பெட்டிகள் தொங்குகின்றன. சரி, பேசிக்கொள்ளலாம் என்று கூட்டத்துக்குப் போனேன். "சார் வரலையா? சாரை வரச் சொல்லுங்க" என்றார்கள். வீடு என் பெயரில் பதிவாகியிருக்கிறது. மாதத் தவணை என் சம்பளத்தில் போகிறது. கடிதம் வந்தது என் கணவர் பெயருக்கு. வருகைப் பதிவேட்டிலும் அவர் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் என் பெயரை எழுதிய பிறகுதான் உட்கார்ந்தேன். இன்று வரை கடிதங்கள் அவர் பெயருக்கே வருகின்றன.

எக்ஸாஸ்ட் ஃபேன் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அடுப்புக்கு நேர் மேலே, வெளிச்சுவரில் இருந்தால் போதும், நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் அது அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. புகை அறை முழுக்கக் கடந்துதான் அதைப் போய்ச் சேரும், பாதி வழியிலேயே ஹாலுக்குத் திரும்பிவிடும். நான் இன்ஜினியர் இல்லை, பி.காம். படித்தவள். எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை, அதனால்தான் பிராண்ட் பெயரும் எழுதவில்லை.

வாடகை வீடாக இருந்தாலும் இந்த ஜன்னல் வழி சரிப்படும். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கழற்றிய கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி லாஃப்ட்டில் வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது திரும்ப மாட்டிவிடலாம். எங்களுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது.