பக்கத்து ஊராட்சிக்கு மறுமலர்ச்சித் திட்டம், எங்களுக்கு ஏன் இல்லை?

வேலை கேட்டு எழுதும் மனுவை பி.டி.ஓ.விடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கொடுங்கள், ஆனால் 'பாரபட்சம்' என்று இப்போதே எழுதாதீர்கள். பக்கத்து ஊராட்சிக்கு சாலை, ஏரி வேலை எல்லாம் வந்து உங்களுக்கு வராததற்கு, பெரும்பாலும் ஆண்டுவாரியாகப் பிரித்த முறைதான் காரணம். அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2 தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஒரே நேரத்தில் எடுக்கவில்லை. 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,505 ஊராட்சிகள் என்று பிரித்தது.

அதனால் முதலில் ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் ஊராட்சி எந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆண்டு முடிந்திருந்தால், அப்போது எடுத்த வேலைகளின் பட்டியலையும் கேளுங்கள். ஊராட்சியின் தாய்க்கிராமத்தில் (முதன்மை ஊரில்) பணத்தைக் கொட்டிவிட்டு குக்கிராமத்தை விட்டுவிடுவது நம் வேலூர் மாவட்ட அணைக்கட்டு வட்டாரத்தில் புதிதல்ல. வாயால் கேட்டு நகரவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

பிறகு மனு. நான் ஒருமுறை 'எங்கள் ஊர் புறக்கணிக்கப்படுகிறது' என்று இரண்டு பக்கம் உருகி எழுதினேன், பலனில்லை. அடுத்த முறை 'மாரியம்மன் கோயில் முதல் சுடுகாடு வரை மண் சாலை, இத்தனை மீட்டர், இந்தச் சர்வே எண்' என்று நான்கே வரி. அளக்க ஆள் வந்தார்! அதையே கிராம சபையில் தீர்மானமாகவும் ஏற்றுங்கள். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக்குப் போனால் தீர்மான நகல் கையில் இருக்கட்டும்.

ஒன்று: ஒடுகத்தூர், பள்ளிகொண்டா போல உங்கள் இடம் பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் இந்தத் திட்டமே பொருந்தாது, செயல் அலுவலரைத்தான் பார்க்க வேண்டும். வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள், தெரிந்துவிடும்.