கத்தோலிக்கர்களும் மார்மன்களும் இறைவெளிப்பாட்டைப் புரிந்துகொள்வதில் என்ன வேறுபாடு?

பொழுது போகாமல் யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கமாட்டார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவில் இருக்க வேண்டும், அதுவும் மார்மன் சபையார் நிறைய இருக்கும் யூட்டா, அரிசோனா பக்கம். ஒருநாள் போனில் "இவங்களும் இயேசுவைத்தாம்மா கும்பிடறாங்க, என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டிருக்க வேண்டும். கல்யாணப் பேச்சாகவும் இருக்கலாம். இல்லையென்றால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது, அதனால் அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் புதுச்சேரி, நெல்லித்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். குருமடத்தில் படித்தவர்கள் வந்து இதில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அவர்கள் தனியாக எழுதட்டும். இன்னொன்று, அந்தச் சபையார் தங்களை மார்மன் என்று கூப்பிட வேண்டாம், 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-லிருந்து கேட்கிறார்கள். அன்றைய அவர்களுடைய தலைவர் ரசல் நெல்சன், ஆண்டவர் அதைத் தன் மனதில் உணர்த்தியதாகச் சொன்னார். நீங்கள் கேட்ட வேறுபாடு இந்தச் சின்ன விஷயத்திலேயே தெரிகிறது. அங்கே தலைவர் மனதில் இன்றைக்கு உணர்த்தப்படுவதும் சபைக்குப் போகிறது. நம் திருத்தந்தைக்கு (போப்பாண்டவருக்கு) அந்த வேலை இல்லை.

நம் பக்கம் என்னவென்றால், கடவுள் சொல்ல வேண்டியதையெல்லாம் தம் மகனில் சொல்லிவிட்டார். எபிரேயர் திருமுகத்தின் முதல் வரிகளே அதுதான். கடைசித் திருத்தூதர் இறந்ததோடு பொது வெளிப்பாடு, அதாவது எல்லாரும் நம்பியாக வேண்டியது, நிறைவடைந்தது. கிறிஸ்து மாட்சியோடு மறுபடி வரும்வரை புதிதாக ஒரு பொது வெளிப்பாடு கிடையாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் எழுதியே வைத்துவிட்டது. விவிலியமும், திருத்தூதர்களிடமிருந்து வழிவழியாக வந்த போதனையான திருமரபும் சேர்ந்து ஒரே கருவூலம். திருத்தந்தையும் ஆயர்களும் அதற்குக் காவல். வகுப்பில் நான் உயிலைத்தான் உதாரணம் சொல்வேன். அப்பா எழுதிப் பதிவும் பண்ணியாயிற்று. பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்கலாம், அர்த்தம் கேட்கலாம், அப்பா என்ன நினைத்தார் என்று நாற்பது வருஷம் கழித்தும் புரிந்துகொள்ளலாம். புதிதாக ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க முடியாது.

அவர்களுக்கு அந்த உயில் இன்னும் திறந்தே இருக்கிறது. 1820-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற பையனுக்குப் பிதாவும் குமாரனும் காட்சி தந்தார்கள். பிறகு ஒரு வானதூதர் காட்டிய இடத்தில் கிடைத்த தங்கத் தகடுகளிலிருந்து மார்மன் புத்தகம் வந்தது. இது அவர்கள் விசுவாசம். புத்தகம் 1830-ல் அச்சானது, அதே வருஷம் ஏப்ரலில் சபை தொடங்கியது. விவிலியத்தோடு இந்தப் புத்தகமும், இன்னும் இரண்டு நூல்களும் சேர்த்து அவர்களுக்கு நான்கு வேதநூல்கள். கடவுள் இதுவரை வெளிப்படுத்தியதையும், இப்போது வெளிப்படுத்துவதையும், இனி வெளிப்படுத்தப்போவதையும் நம்புகிறோம் என்பது அவர்கள் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்பதாவது. சபைத் தலைவரே உயிரோடிருக்கும் இறைவாக்கினர்.

சுருக்கமான பதில் முடிந்தது. போதும் என்பவர்கள் இதோடு போகலாம்.

என் அக்கா மகன் யூட்டாவில் வேலை பார்க்கிறான். ஒரு கிறிஸ்துமஸுக்குத் தன் அறைத்தோழனைக் கூட்டிக்கொண்டு வந்தான். தங்கமான பையன், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குக் கை கூப்பினான். அம்மா பில்டர் காபி ஆற்றிக்கொண்டு வந்து நீட்டினால் வேண்டாம் என்றான். டீ? அதுவும் வேண்டாம். அம்மா முகம் செத்துப்போனது. சமையல்கட்டுக்குள் வந்து, "நம்ம வூட்ல குடிக்கமாட்டானாடி?" என்றாள். எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த மறுப்பு வேறு எதையெல்லாமோ ஞாபகப்படுத்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான்: 1833-ல் ஜோசப் ஸ்மித்துக்கு வந்ததாகச் சொல்லும் ஒரு வெளிப்பாடு, மதுவும் புகையிலையும் 'சூடான பானங்களும்' கூடாது என்கிறது. சூடான பானம் என்றால் காபி, டீ என்று பொருள் கொள்கிறார்கள். முதலில் அறிவுரையாகத் தந்தது, பின்னால் கட்டாயமாயிற்று. அந்த வார்த்தை இவ்வளவு தூரம் தாண்டி வந்து நெல்லித்தோப்பில் ஒரு டபராவைத் தடுத்து நிறுத்துகிறது! எனக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. வெள்ளிக்கிழமை கறி வேண்டாம் என்றால் நம் ஆட்கள் எத்தனை சாக்கு சொல்கிறார்கள்! பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுத்தோம், இரண்டு தரம் வாங்கிக் குடித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன்தான் பேச்சை ஆரம்பித்தான். பத்தொன்பது வயதில் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போய் வந்தவன், வாய் சும்மா இருக்குமா? மார்மன் புத்தகத்தைப் படித்துவிட்டு இது உண்மையா என்று நேராகக் கடவுளிடமே ஜெபத்தில் கேளுங்கள், பதில் வரும் என்றான். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியிலேயே அப்படி ஓர் அழைப்பு இருக்கிறதாம். "நான் கேட்டு, இல்லைன்னு பதில் வந்தா?" என்றேன். சிரித்துவிட்டு, "மறுபடியும் கேளுங்க ஆன்ட்டி" என்றான். நம் விசுவாசம் அப்படி ஒவ்வொருவர் மனதிலும் தனித்தனியாக நிரூபணமாக வேண்டியதில்லை. நம்மிடம் கேட்பது, திருத்தூதர்களிடமிருந்து கைமாறி வந்ததா என்பதைத்தான்.

அக்கா மகன் நண்பன் பக்கம் சாய்ந்து, "ஏன் சித்தி, அப்ப கடவுள் பேசறத நிறுத்திட்டாரா?" என்றான். சுருக்கென்றது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "ஏன், லூர்துல மாதா பேசலியா? வில்லியனூர்ல வேண்டிக்கிட்டுத்தாண்டா நீ பொறந்த" என்றாள்.

அம்மா சொன்னதில்தான் நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். பிரான்சில் இருக்கும் லூர்துவில் 1858-ல் பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண்ணுக்கு மாதா காட்சி கொடுத்தார். அந்த மறைமாவட்ட ஆயர் விசாரித்து 1862-ல் நம்பத்தகுந்தது என்றார். அந்தப் பக்திதான் 1870-களில் எங்கள் புதுச்சேரி பக்கத்து வில்லியனூருக்கு வந்தது. ஆனாலும் லூர்துவை நம்பாத ஒருவர் நல்ல கத்தோலிக்கராகவே இருக்கலாம். அதெல்லாம் தனி வெளிப்பாடு. ஏற்கெனவே தந்ததை ஒரு காலத்தில் இன்னும் நன்றாக வாழ உதவும், அதோடு எதையும் சேர்க்காது. மறைக்கல்வி ஏட்டில் 67-ம் எண்ணில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். 2024 மே மாதம் வந்த புதிய விதிமுறைகளின்படி, இனி வழக்கமாக இது இயற்கைக்கு மேற்பட்டது என்று அறிவிக்கக்கூட மாட்டார்கள், பக்திக்குத் தடையில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். வில்லியனூர் தேருக்கு வருஷா வருஷம் போகிறவள்தான் இதை எழுதுகிறேன், யாரும் மாதாவைக் குறைத்துவிட்டாள் என்று வராதீர்கள்.

பொது, தனி என்ற இந்தப் பிரிவினையின் அருமை எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்குக் கடலூர் ஓ.டி.யில் (பழைய டவுனில்) மாப்பிள்ளை பார்த்து, கோயிலில் மூன்று முறை வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அப்போது ஜெபக்கூட்டம் நடத்துகிற ஓர் அம்மா வீட்டுக்கே வந்து, "மாதா எனக்குச் சொன்னாங்க, இந்தச் சம்பந்தம் வேணாம், மீறினா சாவு விழும்" என்றார். அம்மா நடுங்கிப்போய்ப் பந்தல்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொன்னாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்குசாமியிடம் போனார். வயதான சாமியார், அதிகம் பேசமாட்டார். "லூர்துல சொன்னதே உன்னக் கட்டுப்படுத்தாது, இந்தம்மா சொல்றதா கட்டுப்படுத்தப் போவுது? போய்ப் பந்தல் போடு" என்றாராம். மூன்றாவது ஓலையையும் வாசித்து, கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் பிறந்தவன்தான், கடவுள் பேசுவதை நிறுத்திவிட்டாரா என்று என்னைக் கேட்டவன்.

இதைச் சொன்னதும் அறைத்தோழன் ஒரு விஷயம் சொன்னான், அதையும் நேர்மையாக எழுத வேண்டும். அவர்கள் சபையிலும் யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் வெளிப்பாடு பெற முடியாது. தனக்காகவும், தன் குடும்பத்துக்காகவும், தன்னிடம் ஒப்படைத்த பொறுப்புக்காகவும் மட்டும்தான். சபை முழுவதற்கும் என்றால் தலைவர் ஒருவரே. சபை தொடங்கிய 1830-லேயே ஹைரம் பேஜ் என்பவர் ஒரு கல்லை வைத்துக்கொண்டு தனக்கும் வெளிப்பாடு வருகிறது என்று கிளம்ப, ஜோசப் ஸ்மித்தைத் தவிர யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை என்று உடனே வெளிப்பாடு வந்து அடைத்துவிட்டதாம். ஆக ஜெபக்கூட்டத்து அம்மா சொல்வது அங்கேயும் எடுபடாது. காவல் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் நம் காவல்காரருக்குப் புதிதாக உள்ளே எடுத்துவர அதிகாரம் இல்லை, அவர்களுடையவருக்கு உண்டு.

அவன் விடவில்லை. "மாதா அமல உற்பவி, பாவ மாசில்லாமல் கருவானவர் என்று 1854-ல் அறிவித்தீர்களே, அது புதிது இல்லையா?" என்றான். கூர்மையான கேள்வி. ஆரம்பத்திலிருந்தே விசுவாசத்தில் அடங்கியிருந்ததை அன்றைக்கு வரையறுத்துச் சொன்னார்கள், அவ்வளவே என்பது நம் பதில். திருத்தந்தையின் தவறா வரத்தை அறிவித்த 1870-ம் ஆண்டுச் சங்கமே, தூய ஆவியார் வாக்களிக்கப்பட்டது புதுப் போதனையை வெளிப்படுத்த அல்ல, ஒப்படைத்ததைக் காக்க என்று சொல்லிவிட்டது. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. விளக்குவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டான். கார்டினல் நியூமன் ஒரு முழுப் புத்தகம் எழுதிய விஷயத்தை நான் சாப்பாட்டு மேசையில் முடித்துவைக்க முடியுமா?

பதிலுக்கு நான் 1978-ஐ எடுத்தேன். பலதார மணத்துக்கு வெளிப்பாடு வந்ததும், 1890-ல் அதை நிறுத்த அறிக்கை வந்ததும் பலருக்குத் தெரியும். எனக்கு உறுத்துவது மற்றது. அங்கே ஆண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியே குருத்துவம் பெறுகிறார்கள். கறுப்பினத்தவருக்கு மட்டும் 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அது இல்லை. 1978 ஜூனில் தலைவர் கிம்பலுக்கு வெளிப்பாடு வந்து தடை நீங்கியது. அவனுக்கு அது கடவுள் இன்றும் பேசுகிறார் என்பதற்குச் சாட்சி. எனக்கோ, எல்லாரும் கிறிஸ்துவில் ஒன்று என்று பவுல் எழுதி வைத்த பிறகு எதற்கு இன்னொரு வெளிப்பாடு என்று தோன்றியது.

சொல்லிவிட்டேனே தவிர, தொண்டையில் முள். புதுச்சேரிக் கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து எங்களைத் தனியே நிறுத்தச் சுவர் இருந்ததும், எங்கள் ஆட்கள் சாமியாரிடம் போய் முறையிட்ட பிறகு அது இடிக்கப்பட்டதும் 1745-ல் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே இருக்கிறது. அந்தச் சுவரை இடிக்க எந்த வானதூதரும் வரவில்லை. சரி, இடித்தாயிற்று. ஆனால் கடலூர் மாவட்டத்தில் என் புகுந்த ஊரில் (பெயர் வேண்டாம்) திருவிழாத் தேர் இன்றைக்கும் எங்கள் தெரு முனையில் வந்து திரும்பிவிடும். மின்கம்பி தாழ்வாக இருக்கிறதாம். கம்பியை உயர்த்தி எத்தனையோ காலம் ஆயிற்று, தேர்தான் உள்ளே வரவில்லை. கல்லறைத் தோட்டமும் இரண்டு. மாமியாரை அடக்கம் பண்ணிய அன்று மழை, பக்கத்துத் தோட்டத்தில் தார்ப்பாதை இருந்தும் நாங்கள் சேற்றில் சுற்றிக்கொண்டு போனோம். கமிட்டிக்காரர்களைக் கேட்டால் "பழக்கம்மா" என்கிறார்கள். திருமரபு என்பதும் கமிட்டிப் பழக்கம் என்பதும் ஒன்றல்ல என்று வகுப்பில் பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொல்கிறேன், கமிட்டிக்கு யார் சொல்வது? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். இருக்கட்டும், எழுதியது எழுதியதுதான்.

கல்யாணப் பேச்சு என்றால் மட்டும் இது. அவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று வத்திக்கான் 2001-ல் அறிவித்தது. தந்தை, மகன், தூய ஆவி என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள், ஆனால் கடவுளைப் பற்றிய அவர்கள் புரிதலே வேறு என்பது காரணம். நம்மிடமிருந்து போகிறவர்களுக்கு அவர்களும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள், ஆகையால் இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நம் கோயிலில் திருமணம் என்றால் ஆயரின் விலக்கு அனுமதி வேண்டும். அவர்களுடைய ஆலயத்தில் என்றால், சபையின் தகுதிச் சீட்டு இல்லாதவர் பெற்ற தாய் ஆனாலும் உள்ளே போக முடியாது. இதை முதலிலேயே பிள்ளையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன் பங்குசாமியைப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள், பீரோவில் இருக்கும் பழையதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.